ராக்கிலிருந்து பின்னணி இசைக்கு

ஆசிரியருக்கு,

'நைன் இன்ச் நெயில்ஸ்' ராக் இசைக்குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர் 2011-இல் திரைப்படப் பின்னணி இசைக்காக ஆஸ்கர் வாங்கியதைப் பேசுகிறோம். ராக்கிலிருந்து பின்னணி இசைக்கு மாறுவதற்குத் தேவைப்படும் உழைப்பைப் பற்றிப் பேசுவதில்லை.

நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில், நிமிடத்துக்கு 120 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 12 ஃபிரேம். நான்கு துடிப்பு கொண்ட சுற்று 2 நொடி. காட்சி 37-ஆவது நொடியில் திரும்பினால் பத்தொன்பதாவது சுற்று பாதியில் அறுபடும். அங்கே இரண்டு துடிப்புச் சுற்று ஒன்றைச் செருகலாம். வேகத்தை நிமிடத்துக்கு 116.76 துடிப்பு ஆக்கி 18 சுற்றில் முடிப்பது இன்னும் நல்லது. பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது.

பெரிய சிக்கல் கிட்டார்தான். டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது) ஏறிய கிட்டார் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை அடைத்துக்கொள்ளும். வசனத்தின் மெய்யொலிகள் தெளிவதும் அங்கேதான். சத்தத்தைக் குறைத்தால் மட்டும் போதாது. இசை உயிரிழக்கும், வசனமும் மங்கலாகவே இருக்கும். பேச்சு நடக்கும்போது டிஸ்டார்ஷனைத் தணித்து, ஸ்வரங்களைக் கீழ் ஸ்தாயிக்கு இறக்கி, இடைவெளிகளில் மட்டும் கிட்டாரை எழ விட வேண்டும்.

டிரம்ஸ், பேஸ், கிட்டார், சின்த் (சின்தசைசர்) எல்லாவற்றையும் 48,000 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் (நொடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து பதிவது) தனித்தனி ஸ்டெம்களாக, அதாவது கருவிவாரியான ஒலித்தடங்களாக, கொடுப்பதும் கட்டாயம். ஒரே கலவையாகக் கொடுத்தால், இடைஞ்சலான கிட்டாருக்காக இறுதிக் கலவையில் மொத்த இசையையும் அமுக்கிவிடுவார்கள். இசை விமர்சனம் எழுதுபவர்கள் இதையும் கவனிக்க வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர்