பங்களாவுக்கு வந்தவர்களுக்கும் தந்தவர்களுக்கும்

மேட்டு லயம், பணிய லயம் என்ற நம் தொழிலாளர் வரிசை வீடுகள், பாடசாலைப் பக்கம், டவுன் என்று எங்கெங்கோ இருக்கிற நம்மவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் இருந்த பழைய பங்களாவில், நம்மவர்களின் பழஞ்சாமான்களை வைத்து ஆனி மாதம் ஐந்து நாள் நடந்த கண்காட்சியும் கைவினைப் பட்டறையும் முடிந்து இரண்டு கிழமை ஆகிவிட்டது. இந்த மடலை அப்போதே எழுதியிருக்க வேண்டும். இரவல் வாங்கிய சாமான்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து முடிக்கவே இத்தனை நாள் பிடித்தது. பெயர் போட்டு நன்றி சொல்லலாம் என்று பார்த்தால், முதலில் கேட்ட ஐந்து பேரில் நான்கு பேர் "என் பேரை விடுங்க, அவரு பேரைப் போடுங்க" என்று அடுத்தவரைக் கைகாட்டினார்கள். அதனால் யார் பெயரும் இல்லை. வாசிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

மழைக்காலத்தில் கண்காட்சி வைக்கச் சொன்னது யார் என்று பலர் கேட்டீர்கள். நான்தான். மன்னிக்கவும்.

முதல் நன்றி, கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டிகளை எங்களுக்காக இழுத்துத் திறந்தவர்களுக்கு. பங்களாவில் பொருளுக்குப் பஞ்சமில்லை. நாற்காலி, மேசை, பீங்கான் கோப்பை, சுவர் நிறையத் துரைமார் படம். ஒவ்வொரு துரைக்கும் கீழே பெயரும் வருஷமும் இருக்கிறது. பக்கத்தில் நிற்கிற நம்மவர்கள் இருபது பேருக்கும் சேர்த்து 'கூலிகள்' என்று ஒரே சொல். கம்பளைப் பக்கம் பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி 2007 முதல் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தபோது ஆசை வந்ததே தவிர, வைக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்ற சந்தேகம் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லயம் லயமாகப் போய்க் கேட்டோம். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி, கொழுந்து பறிக்கையில் செடி மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு, மண் கிளறும் முள்ளு, மழைக்குத் தலையோடு கொங்காணி போட்ட கம்பளி, பழைய சம்பளச் சீட்டு என்று வந்து குவிந்ததில், பங்களாக் கோப்பைகளை எடுத்து அலுமாரிக்குள் வைத்து இடம் பண்ண வேண்டியதாயிற்று.

கண்ணாடிப் பெட்டி தருவதாகச் சொன்ன ஓர் அலுவலகம் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டது. டவுனில் நகைக்கடை வைத்திருக்கும் அண்ணன் தன் பழைய பெட்டிகள் இரண்டை லொறியில் ஏற்றி அனுப்பினார். அவற்றுக்குள் இருந்த சிவப்பு வெல்வெட்டை எடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஆரம் கிடந்த இடத்தில் ஐந்து நாளும் கவ்வாத்துக் கத்தி கிடந்தது. அண்ணே, வெல்வெட்டில் கொஞ்சம் துரு ஒட்டிவிட்டது. நேரில் வந்து பேசுகிறேன்.

தன் அப்பாவின் பிரஜாவுரிமைப் பத்திரத்தைக் கொடுத்த அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் நம் தாத்தாமார் நாடில்லாதவர்களானதும், 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்ச 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று எழுதிக்கொண்டதும் புத்தகத்தில் இருக்கிறது. அந்த மிச்சத்தை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். இந்தக் கணக்கு முழுதாகத் தீர 2003இல் இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்தது. அக்காவின் அப்பா இங்கே, சித்தப்பா குடும்பம் அங்கே. அந்தப் பத்திரத்தைக் கண்காட்சிக்குக் கொடுத்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. காலை எட்டு மணிக்குச் சேலை முந்தானைக்குள் வைத்துக் கொண்டுவருவார், பின்னேரம் ஐந்து மணிக்கு வந்து வாங்கிக்கொண்டு போவார். ஐந்து நாளும் அப்படித்தான், கொட்டுகிற மழையிலும். பெட்டிக்குப் பூட்டு இருக்கிறது என்று காட்டினேன். "பூட்டு இருக்கு தம்பி. ராத்திரி எனக்குத் தூக்கம் இருக்காதே" என்றார்.

அடுத்து, கூடைத் தாத்தா. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து போட நைலோன் சாக்கு வந்தபிறகு கூடை முடைய ஆள் தேடுவாரில்லை. தாத்தாவும் கத்தியைக் கீழே வைத்துப் பல வருஷமாகிவிட்டது. முதலில் "கை நடுங்குது" என்று மறுத்தார். த்ரீவீல் தம்பி மூங்கிலை வண்டியின் தலையில் கட்டிக்கொண்டு வந்து இறக்கியதும், அது சரியாக வெட்டிய மூங்கிலா என்று பார்க்க வெளியே வந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கீற்றுகளைத் தண்ணீர் விழும் பீலியில் ஊறப் போட்டு, மறுநாள் பட்டறைக்குப் பதினொரு பிள்ளைகள். அதில் ஒரு பிள்ளை வெகு நேர்த்தியாக, இடைவெளியே தெரியாமல் முடைந்து காட்டியது. நாங்களெல்லாம் அழகு என்றோம். தாத்தா ஒன்றும் சொல்லாமல் நான்கு வரியை உருவிப் போட்டார்.

"கொழுந்துக்கு மூச்சு வேணும். நெருக்கி முடைஞ்சா உள்ளுக்குள்ள சூடேறிச் சிவந்துபோகும். நிறுக்கிறப்ப யாரு பதில் சொல்றது?"

ஒவ்வொரு கூடையையும் முடித்ததும் முதுகில் படுகிற பக்கத்தை உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார். சிலாம்பு தட்டுப்பட்ட இடத்தைக் கத்தியால் சீவினார். மற்ற மூன்று பக்கத்தையும் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கூடைகளில் ஒன்றைப் பென்ஷன் எடுத்த அம்மா ஒருவர் கையில் வாங்கி, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு புல்வெளியில் நாலு எட்டு நடந்தார். கையில் கொழுந்து இல்லை. ஆனால் கை தானாகப் பின்னால் போய்க் கூடைக்குள் எதையோ போட்டுவிட்டு வந்தது. அவரே சிரித்துவிட்டார்.

தப்பு என்கிற பறையை அடிக்கப் பழக்கும் பட்டறை கிட்டத்தட்ட நடக்காமல் போயிருக்கும். மழை ஈரத்தில் தோல் தொய்ந்து, அடித்தால் பலகையில் தட்டுவதுபோல் சத்தம். வெளியே வைக்கோல் போட்டுக் காய்ச்ச வழியில்லை. அப்போதுதான் வாட்சர் மாமா ஹோலில் இருக்கும் கணப்பைக் காட்டினார். துரை காலை நீட்டிக் குளிர் காய்ந்த இடம். எத்தனையோ வருஷமாக யாரும் நெருப்புப் போடவில்லை. போட்டதும் புகையெல்லாம் ஹோலுக்குள்ளேயே திரும்பி வந்தது. சனம் இருமிக்கொண்டு வராந்தாவுக்கு ஓட, மாமா மழையோடு கூரைமேல் ஏறி, மூங்கில் கழியால் புகைபோக்கியைக் குத்தினார். ஒரு முழுப் பறவைக் கூடும் ஒரு சாக்கு கரியும் கீழே விழுந்தன. அப்புறம் நெருப்பு பிடித்துக்கொண்டது. ஐந்து தப்பையும் கணப்பைச் சுற்றி அடுக்கி, தோல் முறுகியதும் மாஸ்டர் அண்ணன் முதலில் அடித்துக் காட்டியது திருவிழாவில் ஆடும் காமன் கூத்து அடி இல்லை. விடியக்காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கும் பிரட்டுக்குக் கூப்பிடுகிற அடி. ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருவர் சட்டென்று எழுந்து நின்றதைப் பார்த்தேன். கரியைக் கழுவித் துடைத்த தங்கச்சிமாருக்கும், நெருப்புப் போட அனுமதித்துவிட்டு அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருக்க முடியாத பங்களாப் பொறுப்பாளருக்கும் தனியாக நன்றி.

குசினியில் நின்று ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும் தீராமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு நன்றி. விளக்க அட்டைகளை அழகான கையெழுத்தில் எழுதிய பாடசாலைப் பிள்ளைகளுக்கும், 'கொழுந்து வெட்டும் கத்தி' என்று தப்பாக எழுதியிருந்ததைப் பேனா வாங்கி அங்கேயே 'கவ்வாத்து' என்று திருத்திய அண்ணனுக்கும் நன்றி. பேனரில் 'கண்காச்சி' என்று அடித்துக் கொடுத்த அச்சகம் எது என்று சொல்லமாட்டேன். அதன்மேல் 'ட்' எழுதிய காகிதத்தை மூன்று முறை ஒட்டிய தம்பிக்கு நன்றி. நான்காவது முறை மழை ஜெயித்துவிட்டது.

பிள்ளைகள் முடைந்த பதினொரு கூடையும் பங்களா வராந்தாவில் காய்கின்றன. இரண்டுதான் நேராக நிற்கின்றன, பரவாயில்லை. சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் குடை மூன்றும், மூடி இல்லாத டிபன் பெட்டி ஒன்றும் வாட்சர் மாமாவிடம் இருக்கின்றன. மூடி யாரிடம் இருக்கிறதோ, அவரும் வரவும்.