உயிரியல் வகுப்பில் உவமை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மும்பை தாராவியில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் உயிரியல் சொல்லித் தருகிறேன். ஆன்டிபயாடிக் மாத்திரை சிலருக்கு ஏன் பலன் தருவதில்லை என்று கேட்டால், ஏறக்குறைய எல்லாருமே "உடம்புக்கு மருந்து பழகிவிட்டது" என்கிறார்கள். மாறியிருப்பது பாக்டீரியா என்று திருத்தினால், "பாக்டீரியா மருந்துக்குப் பழகிவிட்டது" என்று எழுவாயை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள். பழகுதல் என்ற பிழை அப்படியே நிற்கிறது.

வரையறையைப் பலமுறை எழுதவைத்தும் அகலாத இந்த எண்ணம், வீட்டுச் சல்லடையைச் சொன்னதும் அசைந்தது. மாவு சலிக்கும்போது பொடி கீழே இறங்க, கப்பி மேலே தங்குகிறது. அந்தக் கப்பியைச் சல்லடை உண்டாக்கவில்லை, அது மாவில் முன்பே கலந்திருந்தது. மருந்தைத் தாங்கும் பாக்டீரியா சிலவும் அவ்வாறே மருந்து வருமுன்பே கூட்டத்தில் இருக்கக்கூடும். மற்றவை மடிய, இவை எஞ்சுகின்றன. 1952இல் அமெரிக்க அறிவியலாளர்கள் ஜோஷுவா லெடர்பர்க், எஸ்தர் லெடர்பர்க் இருவரும் வெல்வெட் துணியை முத்திரைபோல் ஒற்றி, ஒரு தட்டில் வளர்ந்த பாக்டீரியாவை அதே அமைப்பில் வேறு தட்டுகளில் பதித்தார்கள். மருந்திட்ட தட்டில் பிழைத்தவை எந்த இடத்தில் இருந்தனவோ, மருந்தே படாத மூலத் தட்டின் அதே இடத்திலும் தாங்கும் வகை இருந்தது. சல்லடையை முதலில் கேட்ட பிள்ளைகள், இந்தச் சோதனையின் முடிவை நான் சொல்லுமுன் தாமே சொல்லிவிட்டார்கள்.

ஆனால் உவமையை அந்த இடத்திலேயே விட்டுவிட்டால் அதுவே புதிய பிழையை விதைக்கும். 'பவளவாய்' என்றால் பொதுத்தன்மை சிவப்பு மட்டுமே, பவளத்தின் கடினம் அதில் சேராது என்று தமிழ் வகுப்பில் கற்கும் பிள்ளையிடம், சல்லடை எங்கே பொருந்தவில்லை என்றும் கேட்க வேண்டும். கப்பி பெருகாது, ஈ.கோலை பாக்டீரியாவோ சாதகமான சூழலில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிந்து, தாங்கும் தன்மையைச் சந்ததிக்கும் கடத்துகிறது. மரபணுவில் தற்செயலாக நேரும் சடுதிமாற்றத்தால் அத்தன்மை புதிதாகவும் தோன்றும்.

காசநோய்க்கு வழக்கமான சிகிச்சையில் முதல் 2 மாதம் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றுக்குத் தப்புவதை மற்றொன்று பிடிப்பதற்காக. இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடும் பெரியவர்கள் உள்ள வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இது தேர்வுக்கான பாடம் மட்டுமன்று.

எனவே தங்கள் நாளிதழின் மருத்துவக் குறிப்புகளிலும் மாணவர் பகுதியிலும் "கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடுகின்றன" என்ற தொடரைத் தவிர்த்து, "மருந்தைத் தாங்கும் கிருமிகள் எஞ்சிப் பெருகுகின்றன" என்று எழுதுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர்,
தாராவி, மும்பை