கதவைத் திறக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் ஒரு மாலையில், திருச்சி தில்லைநகரில் சாலையோரம் நின்றிருந்த காரைக் கடந்து மிதிவண்டியில் சென்றபோது, கைப்பேசியில் ஆழ்ந்திருந்த அதன் ஓட்டுநர் திரும்பிப் பாராமல் கதவைத் திறக்க, ஹேண்டில்பார் அதில் இடித்து நான் நடுச்சாலையில் விழுந்தேன். பின்னால் வந்த பேருந்து ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டதால் முழங்கைச் சிராய்ப்போடு தப்பினேன். "பார்க்கலை சார்" என்றார் கார்க்காரர், அதுதானே குறையே!

வண்டி ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் வைத்துப் பயன்படுத்துவதை, 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு ஆபத்தான ஓட்டுதலாகவே கருதுகிறது. நின்ற வண்டியின் கதவைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பிரிட்டனில் 2022இல் திருத்தப்பட்ட சாலை விதிநூல், இயன்றவரை கதவுக்கு எதிர்ப்பக்கம் உள்ள கையால் அதைத் திறக்கச் சொல்கிறது. நம் கார்களில் ஓட்டுநர் இடக்கையை நீட்டி வலப்பக்கக் கதவைத் திறந்தால், உடல் தானாகவே திரும்பி, பின்னால் வருபவர் கண்ணில் படுவார். செலவில்லாத இந்தப் பழக்கத்தை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் கற்பிக்கவும், உரிமத் தேர்வின்போது சோதிக்கவும், பிளஸ் ஒன் மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கிவரும் அரசு ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி