டீக்கடைப் பெட்டி பேசுகிறது, கைரேகை மிஷின் பேசவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தகவல் தொழில்நுட்பத்தால் ஏழை நாடுகளில் வறுமை குறையுமா என்ற பேச்சு வந்தாலே கென்யாவின் எம்-பெசாவைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. 2007 மார்ச்சில் சஃபாரிகாம் நிறுவனம் தொடங்கியது அது. சாதாரண பட்டன் போனிலிருந்து பணம் அனுப்பலாம், தெருமுனைக் கடையில் ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம். இதனால் ஏறத்தாழ 1,94,000 குடும்பங்கள், அதாவது கென்யக் குடும்பங்களில் 2 சதவீதம், வறுமையிலிருந்து மீண்டதாக தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இரு பொருளியலாளர்கள் 2016-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள்.

நம் கிராமங்களில் அதே வேலையைச் செய்வது ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனை. மக்கள் பேச்சில் 'விரல் வச்சு எடுக்கிறது'. முதியோர் பணம், உரிமைத்தொகை, நூறு நாள் வேலைச் சம்பளம் என எது வங்கிக் கணக்குக்கு வந்தாலும், அதை ரொக்கமாக்கிக் கையில் தருவது பல ஊர்களில் மளிகைக் கடையிலோ ஜெராக்ஸ் கடையிலோ இருக்கும் அந்தச் சின்ன மிஷின்தான். போன் வேண்டாம், ஏடிஎம் கார்டு வேண்டாம், பின் நம்பரை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆதார் எண்ணும் விரலும் போதும். 2023-இல் மட்டும் 37 கோடிக்கும் அதிகமானோர் இதைப் பயன்படுத்தியதாக ரிசர்வ் வங்கி கூறியது. ஆயிரம் ரூபாய் எடுக்க வங்கிக் கிளை உள்ள ஊருக்குப் பஸ் ஏறி, அன்றைய கூலியையும் விட்டுவிட்டு வரிசையில் நின்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. குறையைச் சொல்வதும் அதனால்தான்.

எம்-பெசாவில் பணம் எடுப்பவர் தன் போனில் தானே தொகையை அடித்து, தானே பின் எண் போடுகிறார். அவர் போனுக்கும் கடைக்காரர் போனுக்கும் குறுஞ்செய்தி வந்த பிறகே ரொக்கம் கைமாறும். அங்கே திரை பணக்காரியின் கையில் இருக்கிறது; பணத்துக்குச் சொந்தக்காரி என்ற பொருளில் சொல்கிறோம். இங்கே திரை கடைக்காரர் பக்கம் திரும்பியிருக்கிறது. வங்கியைத் தேர்ந்தெடுப்பது, ஆதார் எண்ணை அடிப்பது, தொகையைப் போடுவது எல்லாமே அவர். பணம் எடுக்க வந்த பாட்டி செய்வது விரல் வைப்பது ஒன்றுதான். எதற்காக விரல் வைத்தோம், மிஷின் என்ன செய்தது என்பதை அவர் சொல்லித்தான் பாட்டிக்குத் தெரியும்.

ஏமாற்று நடப்பது இந்த இடத்தில்தான். இரண்டு வழிகள் எங்கும் ஒரே மாதிரி. முதலாவது, 'பேலன்ஸ் பார்க்கலாம், விரல் வைங்க' என்று சொல்லிவிட்டுத் திரையில் பணம் எடுக்கும் பக்கத்தைத் திறந்து வைத்திருப்பது. பேலன்ஸ் பார்க்க, மினி ஸ்டேட்மென்ட் (கடைசிச் சில வரவு-செலவுகளின் பட்டியல்) எடுக்க, பணம் எடுக்க, மூன்றுக்கும் அதே விரல், அதே சிவப்பு வெளிச்சம். இரண்டாவது, பரிவர்த்தனை முடிந்தபின் 'சர்வர் டவுன், நாளைக்கு வாங்க' என்று அனுப்பிவிடுவது. சர்வர் நிஜமாகவே அடிக்கடி படுத்துக்கொள்வதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. வங்கியின் சார்பில் மிஷின் வைத்திருக்கும் இந்தக் கடைக்காரர்களில், அதாவது முகவர்களில், நேர்மையானவர்கள்தான் அதிகம். அவர்கள் சொல்லும் உண்மையான 'சர்வர் டவுனை'யும் இந்தச் சிலர் நம்ப முடியாததாக்கிவிட்டார்கள்.

டீக்கடையில் பத்து ரூபாய் ஸ்கேன் செய்தால், 'பத்து ரூபாய் பெறப்பட்டது' என்று தமிழில் கத்துகிறது ஒரு பெட்டி. கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் தலையாட்டுகிறார். பத்து ரூபாய் வாங்கும் வியாபாரிக்கு இந்த வசதி உண்டு. ஆயிரம் ரூபாய் கழிக்கப்படும் எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கு இல்லை. எங்கள் முதல் கோரிக்கை இதுதான். விரல் வைக்கும் முன் 'ஆயிரம் ரூபாய் எடுக்க விரல் வையுங்கள்' என்றும், வைத்த பின் 'ஆயிரம் ரூபாய் எடுக்கப்பட்டது, மீதி இவ்வளவு' அல்லது 'பணம் எடுக்கப்படவில்லை' என்றும் மிஷின் தமிழில் உரக்கச் சொல்ல வேண்டும். முன்னால் சொல்வதுதான் முக்கியம். பேலன்ஸ் என்று சொல்லி எடுக்கும் வித்தை அங்கேயே நின்றுவிடும். மீதியைச் சொல்வது மட்டும் பாட்டி விரும்பினால் போதும், பக்கத்தில் நிற்பவருக்கெல்லாம் கேட்க வேண்டியதில்லை. ஒலியைக் குறைக்கும் பொத்தான் முகவர் கையில் இருக்கக் கூடாது. பெரும்பாலான கடைகளில் ஒரு ஆண்ட்ராய்டு போனும் அதில் செருகிய ரேகைக் கருவியும்தான் மொத்த மிஷினே. செயலியில் மாற்றினால் போதும், புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டாம்.

அடுத்தது, பணம் எடுத்துத் தரும்போது கடைக்காரர் பிடித்துக்கொள்ளும் அந்த இருபது ரூபாய். மணியார்டர் காலத்து 'டீ செலவு' இப்போது 'மிஷின் செலவு' ஆகியிருக்கிறது. வங்கியின் சார்பில் செய்யும் வேலைக்கு முகவர் வாடிக்கையாளரிடம் நேரடியாகக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனாலும் ஆயிரத்துக்கு இருபது பல இடங்களில் எழுதாத சட்டம். மாதம் இருபது என்றால் வருடத்துக்கு 240. அரசு தந்த தொகையில் 2 சதவீதம் கடைசி அடியில் கசிகிறது.

முகவரை மட்டும் திட்டிப் பயனில்லை, கணக்கையும் பார்க்க வேண்டும். கணக்கு ஒரு வங்கியிலும் மிஷின் இன்னொரு வங்கியுடையதாகவும் இருந்தால், எடுக்கும் தொகையில் அரை சதவீதத்தைக் கணக்கு வைத்திருக்கும் வங்கி மற்றதற்குத் தர வேண்டும். குறைந்தது 1 ரூபாய், அதிகபட்சம் 15 ரூபாய். ஆயிரம் ரூபாய்க்கு 5 ரூபாய்தான் வரும். அதில் வங்கி, நடுவில் உள்ள நிறுவனம், விநியோகஸ்தர் எடுத்தது போக மிச்சம்தான் கடைக்காரருக்கு. அவர் தன் கைக்காசைத் தருகிறார், அதற்கு ஈடு அவருடைய செயலியில் எண்ணாக ஏறுகிறது. அதை வங்கிக்கு மாற்றி, மறுபடி ரொக்கமாக எடுத்து வந்தால்தான் அடுத்தவருக்குத் தர முடியும். மாற்றுவதற்குக் கட்டணம், கிளைக்குப் போக பெட்ரோல். உரிமைத்தொகை ஏறும் 15-ஆம் தேதி சுமாரில் முற்பகலுக்குள் கல்லா காலியாகிவிடும்.

இந்த 15 ரூபாய் உச்சவரம்பில் இன்னொரு விஷமம் ஒளிந்திருக்கிறது. அரை சதவீதம் 3,000 ரூபாயில் 15-ஐத் தொட்டுவிடும். 9,000 ரூபாயை ஒரே தடவையில் எடுத்தாலும் அதே 15தான். மூன்று மூவாயிரமாக உடைத்தால் 45. ஒரு தடவைக்கு 10,000 வரை எடுக்கலாம் என்றிருக்கும்போது, 'மூவாயிரத்துக்கு மேல வராதும்மா' என்று கடைக்காரர் சொன்னால் காரணம் இது. உடைத்தால் பாட்டி மூன்று முறை விரல் வைக்க வேண்டும். அதில் ஒன்று 'பெயில்' என்று சொல்லப்பட்டால் அது நிஜமா பொய்யா என்று யார் கண்டது? மாதத்தில் இத்தனை முறைதான் இலவசம் என்று வைத்திருக்கும் வங்கியாக இருந்தால் அந்த இலவசத் தடவைகளும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

எங்கள் கருத்தில், இலவசம் என்று போர்டு வைத்துவிட்டு இருபது வாங்குவதைவிட, உதவித்தொகை தரும் அரசே 2,000 ரூபாய்க்குக் குறைவான ஒவ்வொரு எடுப்புக்கும் முகவருக்கு நேரடியாக ஒரு நிலையான தொகை தருவது நல்லது. கென்யாவில் கட்டண அட்டவணை கடைச் சுவரில் தொங்குகிறது. கட்டணம் உண்டு, ஒளிவு இல்லை. பணம் ஏறும் நாட்களில் கிளை மேலாளர்கள் முகவர்களுக்கென்று தனி வரிசையில் ரொக்கம் தந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

விரல் பதியாத சிக்கல் வேறு வகை. சிமென்ட் கலக்கும் சித்தாள், உப்பளத்தில் நிற்பவர், பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்கள் ஆகியோரின் ரேகை தேய்ந்தோ தோல் உரிந்தோ போயிருக்கும். முந்திரி ஓட்டு எண்ணெய் தோலை அப்படியே பொசுக்கிவிடும். இவர்களிடம் மறுபடி மறுபடி கட்டைவிரலையே வைக்கச் சொல்வது வழக்கம், கைநாட்டுக் காலத்துப் பழக்கம். ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கிறது. மோதிர விரலோ இடக்கை ஆள்காட்டி விரலோ சட்டென்று எடுத்துக்கொள்ளும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். தோல் ரொம்ப வறண்டிருந்தால் ஈரத்துணியில் ஒற்றிவிட்டு வைக்கலாம். அழுத்தி வைத்தால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், லேசாகப் படிய வைத்தால் போதும். கண்ணாடியில் முன்னவரின் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும், நேர் வெயில் விழுந்தாலும் மிஷின் தடுமாறும். 300 என்ற பிழை எண் வந்தால் ரேகை பொருந்தவில்லை என்று பொருள். எல்லா விரலும் தோற்றால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்கலாம், 125 ரூபாய். அதிலும் தேறாதவர்கள் ரூபே கார்டு வாங்கிக்கொள்வதோ, கிளையில் ஸ்லிப் எழுதி எடுப்பதோதான் வழி. முகம் பார்த்து எடுக்கும் வசதி சில வங்கிகளில் வந்திருக்கிறது. அது எல்லா வங்கிக்கும் சீக்கிரம் வர வேண்டும்.

பணம் எடுப்பவர்கள் விடாமல் கேட்க வேண்டியது ரசீது. 'வந்துச்சு', 'வரல' இரண்டுக்கும் ரசீது உண்டு. தோற்ற பரிவர்த்தனைக்கான ரசீதுதான் இன்னும் முக்கியம். அதில் தேதி, தொகை, ஆதாரின் கடைசி 4 எண்கள், ஆர்ஆர்என் என்ற 12 இலக்க எண் இருக்கும். அந்த 12 இலக்கம் இல்லாமல் வங்கியில் எந்தப் புகாரும் நகராது. ரசீதில் ரெஸ்பான்ஸ் கோடு 00 என்றால் பணம் எடுத்தாயிற்று. 51 என்றால் கணக்கில் போதிய பணம் இல்லை. 91 என்றாலோ 'டைம் அவுட்' என்றாலோ கவனம் தேவை: கணக்கில் கழிந்து, கடையில் பதில் வராமல் போயிருக்கலாம். உடனே மறுபடி விரல் வைக்காமல் மினி ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்க்க வேண்டும். ரசீதுத் தாள் சில மாதங்களில் வெளுத்துவிடும், எண்ணை நோட்டில் எழுதி வைப்பது நல்லது. 'ரோல் தீர்ந்துபோச்சு' என்றால் கடைக்காரரையே நோட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கழிந்த பணம் கைக்கு வராவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் திரும்ப ஏறிவிட வேண்டும். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை இது. கேட்காமலே தர வேண்டிய தொகை, ஆனால் கேட்பவர் இல்லை. புகாரை மிஷின்காரரிடம் மட்டும் சொல்லிவிட்டு நிற்காமல், கணக்கு இருக்கும் வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். கட்டணமில்லா எண் 14448. நமக்குத் தெரியாமலே யாரோ எடுத்திருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே சொல்லி, 3 வேலை நாளுக்குள் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். தவறு நம்முடையதாக இல்லாதபோது முழு இழப்பையும் வங்கியிடம் கேட்க அந்தக் கெடு உதவும்.

பத்திரப் பதிவு ஆவணங்களில் உள்ள ரேகையை நகலெடுத்துப் பணம் எடுத்த மோசடிகள் 2023-இல் பெங்களூரில் வெளிவந்தபின், 'ஆதார் ரேகையைப் பூட்டிவிடுங்கள்' என்ற அறிவுரை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஏடிஎம் கார்டு வைத்திருப்பவர்களுக்கு அது சரி. விரலை நம்பியே இருப்பவர்கள் யோசித்துச் செய்ய வேண்டும். பூட்டினால் ரேஷன் கடை மிஷினிலும் ரேகை ஏறாது. தற்காலிகமாகத் திறக்க ஓடிபி வேண்டும். திறந்தால் பத்து நிமிடத்தில் தானே மறுபடி பூட்டிக்கொள்ளும். ஓடிபி வரும் போனோ சென்னையில் வேலை பார்க்கும் மகனிடம் இருக்கும்.

இன்னொன்று, பணம் 'வரவில்லை' என்று வருபவர்களில் பலருக்குப் பணம் வந்தேயிருக்கும், வேறு கணக்கில். ஆதார் எண்ணை முகவரியாகக் கொண்டு அனுப்பப்படும் அரசுப் பணம், கடைசியாக எந்த வங்கியில் அந்த எண்ணை மானியத்துக்கென இணைத்தோமோ அங்கேதான் போகும். சிம் வாங்கும்போதோ புதுக் கணக்கு தொடங்கும்போதோ வைத்த ஒரு கையெழுத்தில் இது மாறிவிடும். 2017-இல் ஒரு செல்போன் நிறுவனத்தின் பேமென்ட்ஸ் வங்கிக்கு லட்சக்கணக்கானோரின் காஸ் மானியம் அவர்களுக்கே தெரியாமல் போனது நினைவிருக்கலாம். எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை மைஆதார் தளத்தில் பார்க்கலாம். இ-சேவை மையத்தில் கேட்டாலும் பார்த்துச் சொல்வார்கள்.

முகவர்களை வங்கிகள் சரிபார்த்தே சேர்க்க வேண்டும், தொடர்ந்து 3 மாதம் இயங்காத முகவரை மறுபடி சரிபார்க்காமல் அனுமதிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் உத்தரவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் நடைமுறை. நல்ல உத்தரவுதான், ஆனால் அது முகவரை வங்கிக்குக் காட்டும் ஏற்பாடு. பரிவர்த்தனையைப் பாட்டிக்குக் காட்டும் ஏற்பாடு அதில் இல்லை. மாநில அளவிலான வங்கியாளர் குழுவின் அடுத்த கூட்டத்தில் தமிழ்க் குரல் அறிவிப்பையும், தோற்ற பரிவர்த்தனைக்குக் கட்டாய ரசீதையும் தமிழக அரசு பொருளாக வைக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மகளிர் குழுக்களுக்கு வங்கி நடைமுறைப் பயிற்சி அளிப்போர்,
விழுப்புரம் மாவட்டம்.