கொடைக்குப் போகும்முன்

அன்புள்ள செல்வம்,

கடிதமும், கொடையில் சாமியாடுபவர்களைப் பேட்டி எடுக்க நீ எழுதிய கேள்விகளும் வந்து சேர்ந்தன. பாப்பா பாஸானதில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். ஆடிக் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, இன்னும் நாள் இருப்பது நல்லதாயிற்று. கேள்விகளை மாற்றத்தான் வேண்டும்.

பாதிக்கு மேல் ‘ஏன்’ என்று தொடங்குகின்றன. சாமியாடியிடம் ‘ஏன் ஆடுகிறீர்கள்?’ என்றால், தாத்தா ஆடினார், குடும்பத்துக்கு வந்த சாமி என்பார். பொய்யில்லை, ஆனால் திரும்பிப் பார்த்துச் சொல்லும் காரணம் அது. சமூகவியல் அறிஞர் ஆல்ஃபிரட் ஷூட்ஸ் 1932-லேயே பிரித்துக் காட்டினார்: செயலில் இருப்பவனுக்குத் தெரிவது ‘இதற்காக’ என்ற நோக்கம்; ‘இதனால்’ என்ற காரணம் முடிந்தபின்தான் பிடிபடும். உனக்கு வேண்டியது அனுபவம் என்றால் ‘எப்படி’ என்று கேள்.

ஒரே ஒரு தடவையைப் பிடித்துக்கொள். போன கொடையில், வில்லுப்பாட்டில் வரத்து (சாமியை வரவழைக்கும் பாட்டு) பாடும்போது முதலில் மாறியது எது? காலா, மூச்சா, காதில் விழும் மேளமா? ‘எப்பவும் இப்படித்தான்’ என்று பொதுவாகப் போனால் அந்த ராத்திரிக்கே திருப்பிக் கொண்டுவா. ‘மயக்கமா?’ என்று நீ வார்த்தை எடுத்துக் கொடுத்தால் அதையே திருப்பித் தருவார்கள். ‘ஒண்ணும் நினைவில்லை’ என்பவர்கள் நிறைய. அவர்களைக் குடையாதே, கடைசியாகக் கேட்ட சத்தம், நினைவு வந்ததும் முதலில் தெரிந்தது, இந்த இரண்டு கரையையும் வாங்கிக்கொள். நடுவில் உள்ள வெற்றிடத்தை அப்படியே எழுது. கோயில் வாசலில், நாலு பேர் முன்னால் பேட்டி எடுக்காதே. ஊருக்கான பதில்தான் வரும்.

மேளக்காரரை விட்டுவிடாதே. சேர்ந்து இசைப்பவர்கள் ஒரே அகக்காலத்தில், அதாவது மனதுக்குள் உணரும் காலத்தில், ஓடுகிறார்கள் என்று ஷூட்ஸ் 1951-இல் எழுதினார். மதச் சமூகவியலாளர் ஸ்பிக்கார்ட் அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோக்களின் சடங்குகளை ஆராய்ந்ததும் இதை வைத்துத்தான். யாரைப் பார்த்து அடியை விரைவாக்குகிறார், எப்போது நிறுத்துகிறார் என்பது சாமியாடிக்குத் தெரியாது, மேளக்காரருக்குத் தெரியும்.

சாமி உண்டா இல்லையா என்பதை அடைப்புக்குள் போடு, அதாவது தீர்ப்பு சொல்லாமல் ஒதுக்கி வை. சமூகவியலாளர் பீட்டர் பெர்கர் 1967-இல் முறையியல் நாத்திகம், அதாவது ஆய்வுக்காகச் சாமி இல்லை என்றே வைத்துக்கொள்வது, என்றார் (அவரே லூத்தரன் விசுவாசி!). எனக்கு அது ஒத்துவரவில்லை; பாதித் தீர்ப்பு முன்கூட்டியே எழுதியாகிவிடுகிறது. மத ஆய்வாளர் நினியன் ஸ்மார்ட்டின் முறையியல் அறியாவாதம் (உண்டு, இல்லை இரண்டையும் சொல்லாமல் விடுவது) போதும்: ஆடுபவரின் விவரிப்பில் சாமி இருந்தால் உன் எழுத்திலும் இருக்கட்டும்.

ஆனால் இந்த அணுகுமுறைக்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. யாருக்கு வந்தால் அருள், யாருக்கு வந்தால் பேய் அல்லது நடிப்பு என்று ஊர் தீர்மானிக்கிறது. அதில் சாதி, பெண், பங்காளித் தகராறு எல்லாம் கலந்திருக்கும். அனுபவத்தை மட்டும் கேட்டால் இது வராது. கோயிலுக்கு வரி கொடுக்கும் வரிக்காரர்களிடம் தனியாகக் கேள்.

எழுதியதை ஆடியவருக்கே படித்துக் காட்டு. அவர் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, புரிந்தால் போதும். புரியாவிட்டால் உன் வகைப்பாட்டில்தான் கோளாறு.

அன்புடன்,
முருகேசன்