உறைபனியில் வெடித்த சோலார் வாட்டர் ஹீட்டர்: நான்காவது முறையாக எழுதும் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
எமரால்டு அருகில், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
தலைமை அலுவலகம், கோயம்புத்தூர்.

நாள்: பிப்ரவரி 3

பொருள்: 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டரின் இரண்டு பேனல்களும் வெடித்து 43 நாட்களாகியும் மாற்றித் தராதது, தங்கள் ஊழியர் அவமதித்துப் பேசியது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயத்துக்காக ஏற்கனவே மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பியிருக்கிறேன். மூன்றுக்கும் ஒரு சொல்கூட மாறாமல் ஒரே பதில் வந்தது. எழுதியது மனிதர்தானா என்றே தெரியாததால், இந்த முறை தங்கள் பதவியைக் குறிப்பிட்டு விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். தயவுசெய்து கடைசி வரி வரை படியுங்கள்.

கடந்த செப்டம்பரில் திருப்பூரிலிருந்து இந்த ஊருக்குக் குடிவந்தோம். என் கணவர் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் கேரட்டும் பூண்டும் போட்டிருக்கிறார். வீட்டில் 71 வயதான என் மாமியார், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், பதினோரு மாதக் கைக்குழந்தை. சமவெளியிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு முதல் குளிர்காலம் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. வேறு எதற்கும் சிக்கனம் பார்த்தாலும் வெந்நீருக்குப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துதான், பூண்டு விதைக்கு வைத்திருந்த பணத்திலிருந்து 58,500 ரூபாய் எடுத்துத் தங்களிடம் கொடுத்தோம். மலையேற்றி வர வண்டி வாடகை 4,000 தனி.

இதையெல்லாம் தங்கள் விற்பனையாளரிடம் முதல் நாளே சொன்னேன். வீடு ஓடையை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது, இங்கே உறைபனி விழும் என்கிறார்கள், இது தாங்குமா என்று இரண்டு முறை கேட்டேன். "ஊட்டியிலேயே எத்தனையோ வீடுகளுக்குப் போட்டிருக்கிறோம் மேடம்" என்றார். அக்டோபர் 19 அன்று தங்கள் ஆட்களே வந்து கூரை மேல் நின்று, எதிரே தெரிந்த அணையைப் படம் பிடித்துக்கொண்டு, பேனல்களைப் பொருத்திவிட்டுப் போனார்கள். ஆகவே இந்தக் கருவி எங்கே போகிறது என்று தங்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

நவம்பர் முழுக்க நன்றாகவே வேலை செய்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், நான் பொய் சொல்பவள் அல்ல. அப்போது விழுந்தது வெறும் நீர்ப்பனி. டிசம்பர் 22 விடியற்காலையில்தான் முதல் உறைபனி விழுந்தது. எழுந்து கதவைத் திறந்தால் கேரட் வயல் முழுவதும் வெள்ளை. கொடியில் கிடந்த துண்டு அப்பளம் போல விறைத்து நின்றது. மகள் அதை எடுத்து ஆட்டி ஆட்டிச் சிரித்தாள். எட்டரை மணிக்கு வெயில் ஏறியதும் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது. பனிதான் உருகுகிறது என்று பேசாமல் இருந்துவிட்டோம். அரை மணி நேரம் கழித்து என் கணவர் ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். தொட்டியில் இருந்த வெந்நீர் முழுவதும் பேனல் வழியாக வெளியேறிவிட்டிருந்தது.

பேனலுக்குள் வெடித்த செம்புக் குழாயின் ஒரு துண்டை அறுத்து எடுத்து, இதை எழுதும் மேசை மேல் வைத்திருக்கிறேன். என் ஆள்காட்டி விரல் நீளத்துக்குப் பிளவு. இரண்டு உதடும் வெளிப்பக்கம் மடிந்து, கரையில் போட்ட கெண்டை மீன் வாயைத் திறந்தது போல இருக்கிறது. ஒரு பேனலில் இப்படி நான்கு இடம், இன்னொன்றில் ஆறு இடம்.

அன்றைக்கே தங்கள் சேவை மைய எண்ணை அழைத்தேன். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டில் இருக்கும் டீக்கடை வரை ஏறிப்போய்த்தான் பேச வேண்டும். ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் இசையைக் கேட்க வைத்துவிட்டு, பிறகு வேறு பிரிவுக்கு மாற்றுகிறார்கள். வேறு பிரிவில் எடுப்பவருக்கு மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். நான் பேசிய பதினொரு அழைப்புகளின் தேதியும் நேரமும் குறித்து வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒரு அழைப்பை மட்டும் குறித்து வைக்கவே தேவையில்லை. ஜனவரி 9, காலை 11.20. அன்று டீக்கடைக்கு என் மாமியாரும் கூடவே வந்திருந்தார். அவருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். எடுத்த ஊழியர் என்னை முழுதாகப் பேசவிடவில்லை. "மலைக்குக் குடிபோனால் குளிரத்தான் செய்யும். வெந்நீர் அவ்வளவு முக்கியமென்றால் ஊரிலேயே இருந்திருக்க வேண்டியதுதானே?" என்று சொல்லிவிட்டுத் துண்டித்துவிட்டார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். என் மாமியார் ஒன்றும் பேசவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கி நடந்தார். காசு கொடுத்துப் பொருள் வாங்கியவளை இப்படிப் பேசலாம் என்று தங்கள் நிறுவனத்தில் பயிற்சி கொடுக்கிறீர்களா? அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன என்று ஒவ்வொரு முறையும் அறிவிக்கிறீர்களே, அந்தப் பதிவை எடுத்துத் தாங்களே கேளுங்கள்.

குன்னூர் போன கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இது அதற்கு முன்பு நடந்தது. பேனலின் வால்வைக் கழற்றிக் குன்னூரில் உள்ள தங்கள் டீலரிடம் நேரில் காட்டினால்தான் உத்தரவாதம் பரிசீலிக்கப்படும் என்று சொல்லி, நாளையும் தாங்களே குறித்துக் கொடுத்தீர்கள். காலை ஆறரை மணி பஸ்ஸில் ஏறி ஊட்டி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் குன்னூர். கைக்குழந்தையை வீட்டில் விட முடியாததால் அவனையும் தூக்கிக்கொண்டு, துணிப்பையில் அந்த வால்வோடு போய் இறங்கினால் கடை பூட்டிக் கிடக்கிறது. அன்று இங்குள்ள படகர் மக்களின் ஹெத்தையம்மன் பண்டிகை. நீலகிரி முழுவதற்கும் உள்ளூர் விடுமுறை. குடிவந்து நான்கு மாதமே ஆன எனக்குத் தெரியாமல் போனது சரி. இந்த மாவட்டத்தில் டீலர் வைத்து வியாபாரம் செய்கிற தங்களுக்குமா தெரியாது? ஷட்டர் முன்னால் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் டீலரின் எண்ணுக்கு அழைத்துக்கொண்டே இருந்தேன். குழந்தை பசியில் அழுதது. திரும்பி வரும் பஸ்ஸில், கேத்தி தாண்டும்போது தங்களிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: "தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு மதிப்பெண் தாருங்கள்." அதைப் படித்துவிட்டு நான் அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

அதற்குப் பிறகுதான் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்தார். பத்து நிமிடம் இருந்தார், நான்கு படம் எடுத்தார், 950 ரூபாய் வருகைக் கட்டணம் வாங்கினார். "தினமும் சாயங்காலம் பேனல் தண்ணீரை வடித்திருக்க வேண்டும், அது உங்கள் தவறு" என்றார். தங்கள் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டேன், அப்படி ஒரு வரி இல்லை. பொழுது சாயும் நேரத்தில் வழுக்கும் கூரை மேல் தினமும் யார் ஏறுவது? பேனலை அடைத்துவிட்டுத் தொட்டியில் உள்ள மின்சாரக் காயிலை மட்டும் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். அப்படிச் செய்தால் உத்தரவாதம் முழுவதுமே போய்விடும் என்று பயமுறுத்திவிட்டுக் கிளம்பினார். தொட்டி அன்றிலிருந்து காலியாகவே நிற்கிறது.

ஊட்டியில் சோலார் வேலை செய்யும் ஒரு பிளம்பரை என் கணவர் அழைத்து வந்தார். அவர் ஏறியும் ஏறாததுமாகச் சொல்லிவிட்டார்: இது நேரடியாகத் தண்ணீர் ஓடும் தட்டைப் பேனல், இதை இந்தப் பள்ளத்தில் போட்டிருக்கவே கூடாது. மேகமில்லாத இரவில் பேனல் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடவும் குளிர்ந்துபோகுமாம். காற்றில் இரண்டு மூன்று டிகிரி இருந்தால்கூட உள்ளே தண்ணீர் உறைந்துவிடுமாம். குளிர்ந்த காற்று பள்ளத்தில்தான் தேங்கும் என்பதால் மேட்டு வீடுகளைவிட எங்களுக்கு இன்னும் மோசம். உறையும் தண்ணீர் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் பெருக்கும்போது செம்புக் குழாய் எப்படித் தாங்கும்? சூட்டை மட்டும் தொட்டித் தண்ணீருக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்து, பேனலுக்குள் உறையாத திரவம் ஓடும் வகையையோ, வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகையையோதான் இங்கே போட வேண்டும் என்றார். பள்ளிக்கூடப் படிப்போடு நின்ற அவருக்குத் தெரிந்தது, இதையே தயாரித்து விற்கும் தங்களுக்குத் தெரியாதா?

தெரியும் ஐயா, நன்றாகவே தெரியும். தங்கள் விலைப்பட்டியலின் நான்காம் பக்கத்தில் அந்த ஹீட் எக்ஸ்சேஞ்சர் வகைக்கு எதிரே "உறைபனிப் பகுதிகளுக்கு ஏற்றது" என்று தாங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். உத்தரவாத அட்டையின் பின்பக்கம், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்தில், "உறைதலால் ஏற்படும் சேதத்துக்குப் பொருந்தாது" என்றும் அச்சிட்டிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் சிறு பிள்ளைக்கும் புரியும். வெடிக்கும் என்று தெரிந்தேதான் எங்கள் கூரையில் ஏற்றினீர்கள். விற்கும்போது இடையூறாகத் தெரியாத மலை, வெடித்த பிறகு மட்டும் என் குற்றமாகிவிட்டது.

இந்த 43 நாட்கள் நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காலை நாலரைக்கு எழுந்து சீகை விறகை மூட்டுகிறேன். பச்சை விறகானால் வீடெல்லாம் புகை, குழந்தைக்கு இருமல். பக்கெட்டில் ஹீட்டர் ராடைப் போட்டால் கைக்குழந்தை தவழ்ந்து போய்விடும் என்று அது கொதிக்கும் வரை நான் காவல் நிற்கிறேன். அதுவும் கரண்ட் இருந்தால்தான். பல நாள் பக்கத்து வீட்டு அம்மா தன் அடுப்பிலிருந்து ஒரு தவலை வெந்நீரைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறார். இங்கே வந்து நாங்கள் அவருக்கு ஒன்றுமே செய்ததில்லை. என் மகள் பள்ளிக்குக் குளிக்காமல் போகிறாள்; கைகால் மட்டும் துடைத்து அனுப்புகிறேன். ஜனவரியில் மட்டும் ஒன்பது நாள் அவள் பள்ளிக்கே போகவில்லை.

என் மாமியார் பொங்கலுக்கு மறுநாள் திருப்பூருக்குக் கிளம்பிவிட்டார். முழங்கால் வலியோடு குளிர்ந்த தண்ணீரில் கைவைக்க முடியாது என்பது ஒரு காரணம். அதைவிட, அந்த ஊழியரின் பேச்சுதான். "அவன் சொன்னதும் சரிதான், நமக்கு எதற்கு இந்த மலை" என்று பெட்டியைக் கட்டும்போது சொன்னார். என் கணவருக்கு அவர் ஒரே தாய். இந்த வீட்டுக்கு வரலாம் என்று முதலில் சொன்னவரும் அவர்தான். வாசலில் செவ்வந்தி நட்டு, ஓடைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இப்போது அது கருகிக் கிடக்கிறது. ஒரு குடும்பம் பிரிந்ததற்குத் தங்கள் நிறுவனம்தான் காரணம் என்று நான் எந்த இடத்திலும் சொல்வேன். போன குளிர்காலத்தை எத்தனை லட்சம் கொடுத்தாலும் தங்களால் திருப்பித் தர முடியாது.

ஆனாலும் தங்களோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை. எனக்கு வயல் வேலை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். தாங்கள் நேர்மையாக நடந்துகொண்டால் இத்தோடு விட்டுவிடுகிறேன். நான் கேட்பது, வெடித்த இரண்டு பேனல்களையும் எடுத்துக்கொண்டு, உறைபனிக்கு ஏற்ற கருவியைக் கூடுதல் பணம் வாங்காமல் பொருத்தித் தர வேண்டும். முடியாவிட்டால் 62,500 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். டெக்னீஷியன் வாங்கிய 950, விறகு, ராடு, மின் கட்டணம், குன்னூர் அலைச்சல் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15,000 தர வேண்டும். மன உளைச்சலுக்கு இரண்டு லட்சம் கேட்கச் சொல்கிறார்கள். பதினைந்து நாளில் வேலை முடிந்தால் அதைக் கேட்க மாட்டேன்.

முடியாவிட்டால் கேட்பேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் ஏற்கனவே பேசிவிட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. வெடித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஊட்டியில் உள்ள மாவட்ட ஆணையத்தின் முன் இந்தச் செம்புக் குழாயையும், தங்கள் விலைப்பட்டியலின் நான்காம் பக்கத்தையும் மேசையில் வைக்க எனக்கு ஒரு பஸ் போதும். குன்னூர் வரை வெறுங்கையோடு போய் வந்தவள் ஊட்டிக்குப் போகத் தயங்க மாட்டேன்.

ஆள் அனுப்புவதானால் முந்தின நாளே குறுஞ்செய்தி அனுப்புங்கள். காலை ஒன்பது மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், அதற்கு முன் கூரையில் பனி இருக்கும், கால் வழுக்கும். புதுக் கருவி இல்லாமல் படம் எடுக்க மட்டும் யாரையும் அனுப்ப வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு, அதற்குப் பணம் வேண்டாம். ஜனவரி 9 அன்று பேசிய அந்த ஊழியர் என் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். என்னிடம் கேட்க வேண்டாம். அவருடைய திருப்பூர் எண்ணைத் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பார்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: பில், உத்தரவாத அட்டை, விலைப்பட்டியலின் நான்காம் பக்கம், வெடித்த குழாய்களின் ஆறு படங்கள், அழைப்புகளின் தேதிப் பட்டியல், என் மாமியாரின் தொலைபேசி எண்.