எங்க அக்காவைக் காப்பாத்திக் குடுத்தவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். அக்கா நேத்து வீட்டுக்கு வந்துட்டா. ஒவ்வொருத்தருக்கா ஃபோன் போட்டு நன்றி சொல்லலாம்னு ஆரம்பிச்சேன், ரெண்டாவது ஆள்கிட்டயே தொண்டை அடைச்சுக்கிச்சு, அதான் எழுதுறேன்.

முதல்ல ஸ்கேன் சென்டர் டாக்டரம்மா. பித்தப்பைல கல்லு இருக்கானு பாக்கத்தான் போனோம். கல்லு இல்ல, ஆனா வலது கிட்னிக்குப் போற ரத்தக்குழாய்ல ஏதோ வீக்கம் தெரியுது, ரத்தக்குழாயைத் தெளிவாக் காட்டற சிடி ஆஞ்சியோ ஸ்கேன் எடுத்துருங்கனு அவங்களே ரூமை விட்டு வெளிய வந்து சொன்னாங்க. எடுத்தா 2.2 சென்டிமீட்டர் அனியூரிசம், அதாவது ரத்தக்குழாய் சுவர் பலவீனமாகி பலூன் மாதிரி வீங்கி நிக்கறது. இது பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாதாம், அவங்க அன்னைக்கு "கல் இல்லை"னு மட்டும் எழுதி அனுப்பியிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது.

ஒரு ஆஸ்பத்திரியில வயித்தத் திறந்துதான் ஆபரேஷன் பண்ணணும், கிட்னியையே எடுக்க வேண்டி வரலாம்னுட்டாங்க. அப்புறம்தான் நம்ம இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி டாக்டரைப் பாத்தோம், பெருசாத் திறக்காம, ஸ்கேன் படத்தைப் பாத்துக்கிட்டே சின்னத் துளை வழியா சிகிச்சை பண்றவர். அக்காவுக்கு 31 வயசு, இன்னொரு குழந்தைக்கு ஆசை, கர்ப்பமா இருக்கறப்ப இது வெடிச்சா தாய் பிள்ளை ரெண்டு உயிருக்கும் ஆபத்து, அதனால குழந்தை பெத்துக்கற வயசுல சைஸ் சின்னதா இருந்தாலும் விட்டு வைக்கக்கூடாதுன்னார். மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு வரைஞ்சார். சைக்கிள் டயர் கிழிஞ்ச இடத்துல ட்யூப் பிதுங்கி நிக்கும்ல, அந்த மாதிரிதாம்மா, ரத்தக்குழாய்க்கு உள்ள உறை போட்ட ஸ்டென்ட்டை, அதாவது சின்ன வலைக்குழாயை, வெச்சா ரத்தம் அது வழியாவே கிட்னிக்குப் போயிரும், பிதுங்குன பையில உறைஞ்சு அடைஞ்சிரும்னார். வீக்கம் குழாய் கிளை பிரியற எடத்துல இல்லாததால இது சரிவரும்னும் சொன்னார். அந்தச் சீட்டை அம்மா சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சிருக்காங்க.

தொடை இடுக்குல சின்னத் துளை, மரத்துப்போற ஊசி, அது வழியாவே ஸ்டென்ட்டை வெச்சாங்க, அவ்வளவுதான், அக்கா முழிச்சுக்கிட்டேதான் இருந்தா.

அன்னைக்கு நைட் டியூட்டி சிஸ்டர், உங்க பேரு கூட கேக்காம வந்துட்டேன். 6 மணி நேரம் காலை மடக்கக்கூடாதுன்னதால நீங்க அடிக்கடி வந்து பாதத்துல விரல் வெச்சு நாடி பாத்ததும், படம் தெரியறதுக்காக ரத்தக்குழாய்ல ஏத்துன டை மருந்து வெளிய போகணும்னு ஸ்ட்ரா போட்டுத் தண்ணி குடுத்துக்கிட்டே இருந்ததும் கண்ணுலயே நிக்குது. காலையில, கிட்னி எப்படி வேலை செய்யுதுனு காட்டற கிரியாட்டினின் 0.8, நார்மல்.

ஓ நெகட்டிவ் ரத்தம் குடுக்க ராத்திரி பைக்ல வந்த தம்பிங்க ரெண்டு பேரு, உங்க ரத்தம் அக்காவுக்குத் தேவைப்படல, ஆனா அது பிளட் பேங்க்ல இருக்குங்கற தைரியத்துலதான் நாங்க வெளிய உக்காந்திருந்தோம். அக்கா உங்களைப் பாக்கணுங்கறா. வர்ற ஞாயித்துக்கெழமை கண்டிப்பா சாப்பிட வந்துருங்கப்பா.